500 ரூபாயை வைத்துக்கொண்டு தருமபுரியில் வீட்டுத்தோட்டம் போட முடியுமா?

தருமபுரி டவுனில் வாடகை வீடு. முன்பக்கம் பத்தடிக்கு எட்டடி காலி இடம், மேலே மொட்டை மாடி. இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை. செலவெல்லாம் போக 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஆனால் வீடியோக்களில் சொல்கிற செடிப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், நாற்று எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. இந்தப் பணத்தில் தோட்டம் போட முடியுமா, முடிந்தால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் முதல் ஒரு மாதம் அந்த 500 ரூபாயைத் தொடாதீர்கள். விதைகூட வாங்க வேண்டாம். நான் பாலக்கோடு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கிருஷ்ணகிரிக்குக் குடிவந்து 18 வருஷமாக வீட்டைச் சுற்றிக் காய்கறி போட்டு வருகிறேன். அக்கம்பக்கத்தில் ஆசையாகத் தொடங்கி மூன்றே மாதத்தில் விட்டவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். விதை சரியில்லாமல் தோற்றவர் அதில் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கெல்லாம் மண்தான் கைவிட்டது. காசு முழுவதையும் தொட்டிக்கும் நாற்றுக்கும் கொடுத்துவிட்டு, வீடு கட்டியபோது மிஞ்சிய மண்ணை அள்ளி நிரப்பியிருப்பார்கள்.

நம்ம ஊர்ச் செம்மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். ஒரு மழை அடித்து வெயில் வந்தால் மேலே ஓடு கட்டிவிடும். சின்ன விதை முளைத்தாலும் அந்த ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியாது. தண்ணீரும் சீக்கிரம் இறங்கிவிடும், ஊற்றிய சத்தும் கூடவே போய்விடும். இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: மண்ணில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழையும் சாணமும், இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் வாசலில் ஒரு கைப்பிடி, ஏதாவது பழைய புங்க மரத்தடியில் சருகை விலக்கி ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டையும் லேசாக நனைத்து உருட்டிப் பிடியுங்கள். வாசல் மண் காய்ந்ததும் கல்லாகிவிடும். மரத்தடி மண் விரலால் தட்டினால் புட்டு மாதிரி உதிரும். அந்தப் பதத்துக்கு நம் மண்ணைக் கொண்டுவருவதுதான் முதல் மாத வேலை. அதற்கு வேண்டியதெல்லாம் நம் மாவட்டத்தில் தெருவில் கிடக்கிறது.

முதலில் எரு. டவுனை ஒட்டியே மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாக்கோடு போய்க் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் நேற்றுப் போட்ட சாணம் வேண்டாம். ஈரச்சாணம் மண்ணுக்குள் சூடேறி இளவேரைக் கருக்கிவிடும். குப்பைக்குழியின் அடியில், கறுத்து, பொடிப்பொடியாக, சாண வாடையே இல்லாமல் இருக்கும், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தரையில் கொட்டிக் கையால் பரப்பிப் பாருங்கள். சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு இருந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். அது தொட்டிக்குள் போனால் வேரைத் தின்றுவிடும். மேலே பச்சையாக இருந்த செடி ஒருநாள் காலையில் வாடி நிற்கும், ஏன் என்றே தெரியாது.

அப்புறம், நம் இரண்டு மாவட்டத்திலும் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகள் ஏராளம். புழு தின்று மிஞ்சிய மல்பெரி இலை, குச்சி, புழு எச்சம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் மூட்டை மூட்டையாக வெளியே வரும். அருமையான உரம், வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு மூட்டை வாங்கி, சாணக் கரைசல் தெளித்து, இரண்டு மாதம் மக்க வையுங்கள். கடலை உடைக்கிற இடத்தில் கடலைத்தோல், ராகி தூற்றுகிற களத்தில் சக்கை, ரோட்டோரம் புங்க இலை. எதையும் விடாதீர்கள். மா இலை மட்டும் மக்க நாளாகும், அதனால் அதை மூடாக்குக்கு, அதாவது ஈரம் காயாமல் மண் மேல் பரப்பி மூடுவதற்கு, ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கழிவுக்குத் தனியாக ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். பக்கவாட்டில் கம்பியைச் சூடு பண்ணிப் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். அடியில் ஒரு சாண் சருகு. தினமும் காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு எது விழுந்தாலும் அதற்கு மேல் இரண்டு மடங்கு சருகு போட்டு மூடுங்கள். நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் சருகு சேர்க்க வேண்டும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருதரம் குச்சியால் கிளறிவிடுங்கள். நிரம்பிய பின் இரண்டரை, மூன்று மாதத்தில் கறுப்பாக உதிரும். சமைத்த சோறும் மீன் முள்ளும் போட்டால் எலி வரும், அது மட்டும் வேண்டாம்.

சரி, இடத்துக்கு வருவோம். பத்துக்கு எட்டு முழுவதையும் ஒரே நாளில் கொத்த வேண்டாம். நாலடிக்கு மூன்றடி அளவில் இரண்டு பாத்தி போதும், நடுவில் ஓரடி நடைவழி. எந்த இடம் என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். காய்ந்த செம்மண்ணைக் கொத்தினால் கைதான் கொப்புளம் கட்டும். மறுநாள் கடப்பாரையும் மண்வெட்டியும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி ஓரடி ஆழம் கொத்துங்கள். கல், சிமெண்ட் கட்டி, கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்குங்கள். வீடு கட்டிய இடத்தில் சிமெண்ட் கலவை புதைந்து கிடக்கும், அதை விட்டுவைத்தால் அதன் மேல் எதுவும் உருப்படாது. பாத்திக்கு இரண்டு கூடை பழைய எரு போட்டுக் கலந்து, தண்ணீர் தெளித்து, சருகால் மூடி, பதினைந்து நாள் அப்படியே விடுங்கள்.

வீடியோக்களில் மேட்டுப்பாத்தி போடச் சொல்வார்கள். மழை கொட்டி நீர் தேங்கும் ஊருக்கு அது சரி. தண்ணீர் நிற்காத நம் ஊரில் மேட்டுப்பாத்தி நான்கு பக்கமும் காய்ந்துபோகும். நம் தாத்தா காலத்துப் பாத்திதான் இங்கே நல்லது. தரைமட்டத்தைவிட மூன்று நான்கு விரல் பள்ளமாக, சுற்றிலும் கரை கட்டி. ஊற்றிய தண்ணீரும் பெய்த மழையும் பாத்திக்குள்ளேயே இறங்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. இருந்தாலும் நிறைய வீட்டில் ஆர்.ஓ. மெஷின் ஓடுகிறது. அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒரு கோடையில் முழுக்கத் தொட்டிகளுக்கு ஊற்றினேன். இரண்டு மாதத்தில் மண் மேல் வெள்ளைப் பூத்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. கறிவேப்பிலை, மிளகாய், மல்லிகை என்று பதினோரு தொட்டி போயிற்று. அது போர் தண்ணீரின் உப்பு இன்னும் செறிந்து வரும் தண்ணீர். தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழையோ சேம்போ வைத்தால் அது பாட்டுக்கு வளரும். கீரைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் காட்டாதீர்கள். மழைக்காலத்தில் மாடியிலிருந்து இறங்கும் குழாய்க்கடியில் ஒரு டிரம் வையுங்கள், போர் தண்ணீரால் ஏறிய உப்பை அந்த மழைத்தண்ணீர்தான் கழுவிவிடும்.

பாத்தியின் நடுவில் பூச்சில்லாத புது மண் பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டுத்துண்டால் மூடி வைக்கலாம். அது கசிந்து கசிந்து சுற்றிலும் ஈரம் காக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் நிரப்பினால் போதும். குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் தெருவுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

இனி என்ன போடுவது. எல்லோரும் முதலில் தக்காளிக்குத்தான் ஆசைப்படுவார்கள். நான் வேண்டாம் என்பேன். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளி மண்டிகள். விலை விழுந்த வாரத்தில் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நேரத்தில் அவர்களிடம் இரண்டு கிலோ காசு கொடுத்து வாங்குங்கள், அது புண்ணியம். உங்கள் பன்னிரண்டு சதுர அடிப் பாத்தியில் கீரை போடுங்கள். கீரைதான் வாடிப்போகும் பொருள், தினமும் வாங்குவது, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரியாதது. 25 நாளில் கைக்கு வருவதும் அதுதான். முதல் அறுவடை சீக்கிரம் வந்தால்தான் புதிதாகத் தொடங்கியவருக்கு மனசு நிற்கும்.

கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரு மூலையில் கொத்தாக விழும், மறு மூலை மொட்டையாகக் கிடக்கும். இரண்டு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து, பாத்தியை மூன்று கீற்றாகப் பிரித்து, முதல் கீற்றில் மட்டும் தூவுங்கள். உள்ளங்கையால் மண்ணை லேசாகத் தடவினால் போதும், புதைக்க வேண்டாம். மேலே நனைத்த சணல் சாக்கை விரியுங்கள். கரையைச் சுற்றி அடுப்புச் சாம்பலோ மஞ்சள் தூளோ தூவுங்கள். இல்லாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் விதையை வரிசையாகத் தூக்கிப் போய்விடும். தண்ணீரைக் குடத்தால் ஊற்றாமல், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தெளியுங்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமாக நூல் மாதிரி எழுந்து நிற்கும். அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். இரண்டாம் கீற்றை அடுத்த வாரம், மூன்றாம் கீற்றை அதற்கடுத்த வாரம் தூவுங்கள். இப்படிப் போட்டால் வாராவாரம் ஒரு கடைசலுக்குக் கீரை இருக்கும். சிறுகீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை இரண்டு விரல் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும், மாதக்கணக்கில் அறுக்கலாம். இரண்டாவது பாத்தியை அதற்கே கொடுங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் விதை உங்கள் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயம் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. தனியாவைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஊறவைத்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் முளைக்க நாளாகும். தட்டைப்பயறு அப்படியே முளைக்கும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்தபின் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெள்ளை வேர் விட்டதும் நட்டுவிடலாம். பொன்னாங்கண்ணித் தண்டு மண்ணில் குத்தினாலே போதும். கறிவேப்பிலைக்குக் கன்று வாங்காதீர்கள். பெரிய மரம் உள்ள வீட்டில் வேரிலிருந்து தானாக முளைத்த குட்டிகள் நிறைய நிற்கும். மழை பெய்த மறுநாள் ஒன்றை வேரோடு தோண்டித் தரச் சொல்லுங்கள். முதல் வருஷம் நகரவே நகராது, பயப்பட வேண்டாம். புளித்த மோரைத் தண்ணீராக விளாவி மாதம் இருமுறை ஊற்றுங்கள்.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது சும்மா இல்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் நமக்கு நல்ல மழை. ஆனியில் மண் வேலையை முடித்து ஆடியில் விதைத்தால் பாதித் தண்ணீர் மேலேயிருந்து வந்துவிடும். வெண்டை, கொத்தவரை நேரடியாக ஊன்றலாம், 45, 50 நாளில் காய்க்கும். கத்தரியை நாற்றுவிட்டு ஒரு மாதத்தில் பிடுங்கி நட வேண்டும். சித்திரை, வைகாசியில் தொடங்குகிறீர்கள் என்றால் விதையைத் தொடாமல் குப்பையை மட்டும் மக்க வையுங்கள்.

இதில் அவரையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் ஏமாறுவது அதில்தான். ராகிக் காட்டில் ஊடுபயிராகப் போடுவார்களே, அந்த நாட்டு அவரையும் மொச்சையும் பகல் பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். தையில் ஊன்றினால் கொடி கூரை வரை ஏறும், ஒரு பூ வராது. விதை மோசம் என்று பிடுங்கி எறிவார்கள். அதே விதையை ஆடியில் ஊன்றுங்கள். கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். வேலி ஓரம் இரண்டு கொடி இருந்தால், பொங்கல் சமயத்தில் வீட்டுக் கொட்டையிலேயே பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கலாம்.

மாடியை இரண்டாவது வருஷத்துக்கு வையுங்கள். வாடகை வீட்டில் தளம் ஒழுகினால் பழி உங்கள் மேல்தான் வரும். தவிர, 20 லிட்டர் வாளியில் ஈர மண் நிரப்பினால் 30 கிலோவுக்கு வரும். ஆசை தாங்காவிட்டால் நாலைந்து வாளி மட்டும், செங்கல் மேல் தூக்கி வைத்து, பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பழைய வெள்ளை வேட்டியை மேலே கட்டுங்கள். பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். பூச்சிமருந்து, ஆசிட் வந்த டப்பா வேண்டவே வேண்டாம். அரிசிப் பையில் நடலாம் என்பார்கள். நம் வெயிலில் சில மாதத்தில் நைந்து, பிளாஸ்டிக் இழை இழையாக மண்ணில் கலக்கும், எனக்கு அதில் சம்மதமில்லை.

பூச்சிக்கு மருந்து வேப்பங்கொட்டை. ஆனி, ஆடியில் மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்தால் வருஷத்துக்கும் வரும். ஓட்டை உடைத்துப் பருப்பு 50 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பால் மாதிரி பிழிந்து வரும். சாயங்காலம் வரை வைத்திருந்து, துளி சோப்பு கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். அசுவினி, வெள்ளை ஈ மாதிரிச் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குக் கேட்கும். கத்தரியில் நுனி வாடித் தலை தொங்கினால் தெளித்துப் பயனில்லை. உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள்.

இப்போது அந்த 500 ரூபாய். களைக்கொத்து ஒன்று 150க்குள் முடியும். கீரை விதை நாலு வகை, வெண்டை, கொத்தவரை, கத்தரி எல்லாம் சின்னப் பொட்டலமாக வாங்கினால் 150. பானைக்கு 100, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவுக்கு 60 வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் கலக்க அது வேண்டும், வேர்ப்புழுவை அண்ட விடாது. விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் கொஞ்சம் மிஞ்சும். விதை வாங்கும்போது ஹைபிரிட் வேண்டாம், நாட்டு ரகம் அல்லது வேளாண் பல்கலைக்கழக ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ஹைபிரிட்டில் எடுத்த விதை அடுத்த வருஷம் அதே மாதிரி வராது, வருஷா வருஷம் காசு கொடுக்க வேண்டும்.

சந்தேகம் கேட்கவும் விதை விசாரிக்கவும் உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். கிருஷ்ணகிரிக்கு வந்தால் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பையூர் 1 என்ற தக்காளி ரகமே அங்கே வந்ததுதான். மானாவாரியையும் தாங்கும், தக்காளி ஆசை விடவில்லை என்றால் அதைத் தேடுங்கள். பழக்கன்று வேண்டுமானால் ஜீனூர் அரசு தோட்டக்கலைப் பண்ணை. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மாடித்தோட்டத் தொகுப்பும் காய்கறி விதையும் மானியத்தில் கொடுக்கும் வருஷங்கள் உண்டு, ஆடிக்கு முன்பே போய்க் கேட்டு வையுங்கள். இவற்றைவிட நான் அதிகம் நம்புவது போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆயாக்களை. அவர்கள் வீட்டில் சுரை விதையும் பூசணி விதையும் வறட்டியில் பதித்து இன்னும் எடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு கட்டுக் கீரை வாங்கிவிட்டு, ஆயா, உங்க வீட்டு விதை கொஞ்சம் கிடைக்குமா என்று கேளுங்கள். அடுத்த வாரம் முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்கள்.

வீடு மாற வேண்டி வந்தால் என்ன செய்வது என்றும் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கறிவேப்பிலையை முதலிலிருந்தே வாளியில் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களோடு வரும். அரைக்கீரையில் நாலு தண்டை அறுக்காமல் பூக்க விட்டு, காய்ந்ததும் உதறி விதை எடுத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு வையுங்கள். பாத்தி மண்ணில் மேல் அரையடியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகலாம், அது உங்கள் உழைப்பு. ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அள்ளுங்கள், குழியையும் மூடிவிட்டுப் போங்கள்.